கணினி அறையில் வந்த நெடி: எஸ்.எம்.பி.எஸ். பழுதும் மேசைச் சீரமைப்பும்

வீட்டுக் கணினியிலிருந்து வாடை வருகிறது என்று சொன்னால், புதுப் பிளாஸ்டிக் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே உண்மையாக இருந்தது. ஒரே மேசையில் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று வெவ்வேறு வாடைகள் கிளம்பி, ஒன்றோடொன்று கலந்து, ஒன்றைப் போலத் தோன்றிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று தானாகவே தணியக்கூடியது. இன்னொன்று பழுதின் அறிகுறி. மூன்றாவது கணினியைச் சேர்ந்ததே அல்ல, கணினியை வைத்திருந்த மேசையைச் சேர்ந்தது. இப்போது அறை சுத்தமாக இருக்கிறது. இதே தொல்லையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் செய்த வேலையை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

சென்னைப் புறநகரில் உள்ள அடுக்குமாடி வீடு எங்களுடையது. கணினி இருப்பது பத்துக்குப் பத்து அடி அளவுள்ள, மகள் படிக்கும் அறை. ஒரே சன்னல், அதுவும் ஏசி ஓடும்போது மூடியே இருக்கும். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறதே தவிர, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆகவே அந்த அறையில் எது ஆவியாகிறதோ அது அங்கேயே தேங்கும். கணினி 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பு, பழையதாக வாங்கியது, மானிட்டர் புதியது, மேசை, சி.பி.யூ. பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் அறையோடு கூடிய ஆயத்த மேசை. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் கண் எரியும், தொண்டை கரகரக்கும். சன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டால் சற்று நேரத்தில் சரியாகும்.

முதலில் செய்தவை பலன் தரவில்லை. கரிப் பொட்டலங்களை மேசைக்குள் வைத்தோம். காற்றோட்டமில்லாத இடத்தில் சும்மா கிடக்கும் கரி, தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருக்கும் ஆவியை ஈடுகட்டும் வேகத்தில் உறிஞ்சாது. வாசனைத் தெளிப்பான் நிலைமையை மேலும் குழப்பியது: ஏற்கெனவே இருந்த ஆவிகளோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்ததோடு, எந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று மூக்கால் பிரித்தறியும் வாய்ப்பையும் கெடுத்தது. வாடையைத் தேடும் வேலையில் இறங்குபவர்கள் முதலில் அந்த அறையிலிருந்து ஊதுவத்தி, தெளிப்பான், கொசுவர்த்தி எல்லாவற்றையும் வெளியேற்றிவிட வேண்டும்.

அதன் பிறகே ஒழுங்கான முறையில் தேடத் தொடங்கினேன். ஒரு தாளில் வாடை எப்போது வருகிறது, கணினி எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, ஏசி ஓடியதா, வாடை எதைப் போல் இருந்தது என்று குறித்து வந்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்து இரண்டு செய்திகள் துலங்கின. கண்ணை எரிக்கும் நெடி, கணினியைப் போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வரும்; மேசைக் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும். மற்றொன்று, இலேசான கவுச்சி வாடை, கெட்டுப்போன மீனை நினைவூட்டுவது. இது காலையில் கணினியைப் போடும் முன்பே சி.பி.யூ. பெட்டியின் பின்புறத்தில் இருந்தது. கணினி இரவு முழுவதும் அணைந்திருந்தபோது வாடை எப்படி வரும் என்று யோசித்ததில்தான் விடையும் கிடைத்தது. கணினியை நிறுத்தினாலும் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்காவிட்டால், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே 5 வோல்ட் தரும் காத்திருப்புச் சுற்று இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் அந்தச் சுவிட்சை அணைப்பதே இல்லை.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கரிம ஆவிகளை அளப்பதாகச் சொல்லப்படும் சிறிய மீட்டர் ஒன்றை 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். அடுக்களையில் கடுகு தாளித்தாலே அதன் எண் ஏறுகிறது. சர்க்யூட் பலகையைத் துடைக்கும் ஆல்கஹாலைத் திறந்தால் உச்சத்துக்குப் போய்விடுகிறது. கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் ஆவியான ஃபார்மால்டிஹைடு என்று தனியாக அது காட்டும் எண்ணையும் நம்ப முடியாது, ஏனென்றால் இத்தகைய விலைகுறைந்த மீட்டர்கள் பலவற்றில் ஒரே உணரியின் அளவீட்டிலிருந்துதான் எல்லா எண்களும் கணக்கிடப்படுகின்றன. எனவே அதை நச்சின் அளவு காட்டும் கருவியாக அல்லாமல், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் முன்பின் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்தினேன். உண்மையில் உதவியது மல்டிமீட்டரோடு வந்த வெப்ப உணர்கம்பிதான். வாடை என்பது பெரும்பாலும் சூட்டோடு சேர்ந்தே வருவதால், எங்கே எவ்வளவு சூடு என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து ஒவ்வொரு பொருளையும் தனித்தனி இடத்தில் வைத்துச் சோதித்தேன். மானிட்டர் கூடத்துக்குப் போனது, சி.பி.யூ. பெட்டி பால்கனியில் ஒரு கல் பலகையின் மேல் ஓடியது, யூ.பி.எஸ். தரையில் தனியாக இருந்தது. யூ.பி.எஸ்.ஸை மறக்காமல் பார்க்க வேண்டும். அதிலுள்ள 12 வோல்ட் ஈய அமில பேட்டரி அளவுக்கு மீறி மின்னேற்றப்பட்டால் அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, நஞ்சு. அந்த வாடை வந்தாலோ பேட்டரியின் பக்கச் சுவர்கள் உப்பியிருந்தாலோ உடனே இணைப்பைப் பிடுங்கிக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் பேட்டரியின் இருமுனைகளில் 13.6 வோல்ட் இருந்தது, உடலும் தட்டையாக இருந்தது, ஆகவே அது தேடலிலிருந்து விலகியது. மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இதே கவனத்தை அதன் லித்தியம் பேட்டரிக்கும் தர வேண்டும்: நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற இனிப்பான வாடையும் மேலெழும்பிய தொடுதளமும் சேர்ந்து தென்பட்டால், அதற்கு மேல் அதை மின்னேற்றக் கூடாது, உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

பால்கனியில் ஓடிய பெட்டியிலிருந்து கவுச்சி வாடை மட்டும் வந்தது, கண் எரியவில்லை. மேசை அறைக்குள்ளேயே வெறுமையாக நின்றது. அதைச் சோதிக்க, கணினிக்குப் பதிலாக ஒரு 60 வாட் குண்டு பல்பை மேசைக்குள் எந்தப் பலகையையும் தொடாதபடி நடுவில் தொங்கவிட்டு, வெப்ப உணர்கம்பியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மாட்டிய பேக்கலைட் ஹோல்டர் சூடானதும் தன் பங்குக்கு ஒரு வாடையைக் கிளப்பியதால் அந்தச் சோதனை வீணானது. பீங்கான் ஹோல்டருக்கு மாற்றி, முதலில் அதே பல்பை வெறுமையான எவர்சில்வர் அரிசி டிரம்மில் எரியவிட்டு அதில் வாடை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு மேசைக்குள் வைத்தேன். உள்ளே 45 டிகிரி செல்சியஸ் ஏறியபோது கதவைத் திறந்தேன். கணினியே இல்லாத மேசையிலிருந்து அதே நெடி, அதே கண் எரிச்சல். வாரக்கணக்கில் நாங்கள் கணினியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

இரண்டு வேலைகள் முன்னே இருந்தன. எஸ்.எம்.பி.எஸ்.ஸை முதலில் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அது தீப்பிடிக்கவும் வாய்ப்புள்ள பழுது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறப்பது எல்லாரும் செய்ய வேண்டிய வேலை அல்ல. நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் உள்ளே நேராக்கப்படும்போது ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்னழுத்தமாகிறது. பவர் ஃபேக்டரைச் சீராக்கும் சுற்று கூடுதலாக உள்ள எஸ்.எம்.பி.எஸ்.களில் அது இன்னும் உயரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகளில் (கண்டன்சர்) அந்த மின்னூட்டம் தங்கியிருக்கலாம், தொட்டால் உயிருக்கே ஆபத்து. நான் பிளக்கைப் பிடுங்கி ஒரு இரவு வைத்திருந்து, பிறகு 10 கிலோ ஓம், 10 வாட் கம்பிச்சுற்று மின்தடை ஒன்றை, பிடிக்கும் இடம் வரை காப்பிட்ட கம்பிகளோடு மின்தேக்கியின் இருமுனைகளிலும் அரை நிமிடம் வைத்து, மல்டிமீட்டரில் 2 வோல்ட்டுக்கும் கீழே வந்ததைப் பார்த்த பின்னரே கையை உள்ளே விட்டேன். ஸ்குரூ டிரைவரால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்கவிடும் பழக்கம் கடைகளில் உண்டு. அது மின்தேக்கியையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆகாது. மின்சாதன வேலையில் பழக்கமில்லாதவர்கள் 2,500 முதல் 3,500 ரூபாய் வரை விலையுள்ள நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டிவிடுவதே சரி.

திறப்பதற்கு முன்பே ஓர் அளவீடு எடுத்திருந்தேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் 24 முனை இணைப்பில் ஊதா நிறக் கம்பிதான் காத்திருப்பு 5 வோல்ட். அது 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும், இங்கே 4.6 இருந்தது. பழுது எந்தப் பகுதியில் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. மூடியைக் கழற்றியதும் கவுச்சி வாடை தெளிவாக எழுந்தது. காத்திருப்புச் சுற்றின் சிறிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருந்த 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் மின்தேக்கிகள் இரண்டும் தலை உப்பி, அடியில் பழுப்பான ஒரு கசிவை விட்டிருந்தன. அந்தக் கசிவு சூடான பலகையின் மேல் காய்ந்து காய்ந்து ஆவியாகிக்கொண்டிருந்தது. கசியும் திரவத்திலும் சூடேறிய பிசின் பலகையிலும் அமீன் வகைச் சேர்மங்கள் இருக்கக்கூடும்; அவற்றின் இயல்பான வாடை மீன் வாடைதான். அதே பகுதியில் உயர்மின்னழுத்தப் பக்கத்தில் இருந்த 22 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் மின்தேக்கி வெளித்தோற்றத்தில் குறையில்லாமல் இருந்தது. கழற்றி அளந்தால் 6 மைக்ரோஃபாரட் மட்டுமே காட்டியது. உப்பியவற்றை மட்டும் மாற்றிவிட்டு மூடுபவர்கள் கோட்டைவிடும் இடம் இது. இந்தச் சின்ன மின்தேக்கி வற்றினால் சுற்றின் கட்டுப்பாடே தளர்ந்து, புதிதாக மாற்றியவையும் விரைவில் கெட்டுவிடும்.

இன்னொன்றையும் கண்டேன். தொழிற்சாலையில் பாகங்கள் ஆடாமலிருக்கப் பூசும் மஞ்சள் பசை, சூட்டில் கரும்பழுப்பாக மாறியிருந்தது. அந்த நிறத்துக்கு வந்த பசை கம்பிகளை அரிக்கும், மின்சாரத்தையும் ஓரளவு கடத்தும். மூங்கில் பல்குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. உலோகக் கத்தியை வைத்தால் பலகையின் செம்புக் கோடுகள் கீறிவிடும்.

மின்தேக்கிகளைச் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கினேன். “சார், எண்பத்தஞ்சு டிகிரி கண்டன்சரே போதும், வெலையும் கம்மி” என்று கடைக்காரர் எடுத்து வைத்தார். அவர் சொன்னது பல பொருள்களுக்குப் பொருந்தும், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் பொருந்தாது. இத்தகைய மின்தேக்கியின் வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். வெப்பமான நம் ஊரில், அதுவும் மூடிய மேசைக்குள், 105 டிகிரி தாங்கும் வகையே வேண்டும். உள்மின்தடை குறைந்த வகையாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டு, 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் இரண்டை 12 ரூபாய் வீதமும், 22 மைக்ரோஃபாரட் ஒன்றை 5 ரூபாய்க்கும் வாங்கினேன். மின்னழுத்த எண் கூடுதலாக இருப்பதில் தவறில்லை, ஆனால் உருவம் பெருக்கும்: பழையவை 8 மில்லிமீட்டர் விட்டம், புதியவை 10. கால்களை வளைத்து, பக்கத்தில் சூடாகும் மின்தடையைத் தொடாதபடி சற்றுச் சாய்த்து நிறுத்த வேண்டியிருந்தது. வாங்கப் போகும் முன் விட்டத்தையும் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு போவது நல்லது.

வாடையைப் போக்கும் வேலையிலேயே புதிய புகை ஒன்றைச் சுவாசிக்கும் கட்டம் பற்றவைப்பு. 60/40 சால்டர் கம்பி 190 டிகிரிக்குள் உருகிவிடும். சால்டரிங் அயர்னை 350 டிகிரியில் வைத்தேன். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகி மூச்சில் கலப்பது பொருட்படுத்தும் அளவில் இல்லை. எழும் வெண்புகை கம்பிக்குள் இருக்கும், பற்றவைப்புக்கு உதவும் மரப்பிசினான ரோசினுடையது. ஆனால் அந்த ரோசின் புகையே மூச்சுக்குழலை உறுத்தும், நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடும். ஆகவே பழைய கணினி மின்விசிறி ஒன்றை 12 வோல்ட்டில் ஓட்டி, காற்று முகத்திலிருந்து சன்னலை நோக்கி இழுக்கும்படி வேலைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஈயம் கையிலிருந்து வாய்க்குப் போகும் பொருள் என்பதால் வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்; அந்த மேசையில் தின்பண்டம் கூடாது.

பழைய மின்தேக்கிகளைக் கழற்றிய பிறகு, புதியவற்றை வைக்கும் முன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பழைய பல்துலக்கியில் தொட்டுக் கசிவை முழுக்கத் துடைத்தேன். இதில் அவசரம் கூடாது. பலகையின் துளைக்குள்ளும் அடியிலும் கசிவு ஊறியிருக்கும். அதை விட்டுவிட்டால் பழுது நீங்கினாலும் வாடை நீங்காது. துடைத்த துணியை முகர்ந்து பார்த்து, ஆல்கஹால் பறந்த பின் கவுச்சி இல்லை என்ற நிலை வரும்வரை திரும்பத் திரும்பத் துடைத்தேன். மூடி மாட்டி, கணினி இல்லாமலே ஓடத் தொடங்குவதற்காக அந்த 24 முனை இணைப்பின் பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்து, 12 வோல்ட் 20 வாட் பல்பு ஒன்றைச் சுமையாகக் கொடுத்து, கணினியோடு சேர்க்காமல் பால்கனியில் ஓட விட்டேன். ஊதாக் கம்பியில் 5.08 வோல்ட். முதலில் இலேசாக வாடை எழுந்து, ஓட ஓடக் குறைந்து, பின் இல்லாமல் போனது. பலகை கருகிப் பொடியும் நிலையில் இருந்திருந்தால் பழுது பார்க்காமல் தூக்கிப் போட்டிருப்பேன்.

பெட்டியைத் துடைத்ததும் இதோடு சேர்ந்ததே. கணினிக்குள் சேரும் தூசியை வெறும் தூசி என்று எண்ணக் கூடாது. பிளாஸ்டிக்கிலும் பலகையிலும் தீ பரவாமலிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்கள் மெல்ல வெளியேறித் தூசியில் படிகின்றன. நம் உடலுக்குள் அவை வரும் முக்கியமான வழிகளில் வீட்டுத் தூசியும் ஒன்று. அறைக்குள் புளோயரால் ஊதினால் அத்தனையும் மூச்சில்தான் வந்து சேரும். மொட்டை மாடியில், முகமூடி அணிந்து, தூரிகையால் தள்ளி, மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தேன். அறைத் தரையையும் துடைப்பத்தால் பெருக்குவதை விட்டு ஈரத்துணியால் துடைக்கிறோம்.

இனி மேசை. அது 18 மில்லிமீட்டர் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சீவல்களையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினால் ஒட்டி அழுத்திச் செய்யும் பலகை இது. சூடும் ஈரமும் சேரும்போது அந்தப் பிசின் சிறிது சிறிதாகச் சிதைந்து ஃபார்மால்டிஹைடை வெளியிடும். கண்ணையும் தொண்டையையும் உறுத்துவது அதன் முதல் அடையாளம். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வீட்டுக்குள் அரை மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எங்கள் அறையில் எவ்வளவு இருந்தது என்பதை ஆய்வகத்தில் கொடுத்து அளக்காமல் சொல்ல முடியாது, என் மீட்டரின் எண்ணை வைத்து நான் எதையும் சொல்லப் போவதில்லை. ஆனால் சென்னையின் ஈரக்காற்றில், கணினியின் சூட்டை மூடிய பெட்டிக்குள் அடைத்து, அந்தப் பலகையை நாள் முழுதும் வேகவைத்துக்கொண்டிருந்தோம் என்பது உறுதி. மேசையின் அமைப்பே அதற்கு வழி செய்திருந்தது: உள்ளளவு 23 செ.மீ. அகலம், 48 செ.மீ. உயரம், 52 செ.மீ. ஆழம், பின்னால் 3 மில்லிமீட்டர் ஹார்டுபோர்டு, கம்பிகள் போக ஒரேயொரு துளை. அறை 30 டிகிரியில் இருந்தபோது உள்ளே காற்று 47 டிகிரி, வெளியேற்றும் விசிறிக்கு அருகே பலகைப் பரப்பு 51 டிகிரி.

மேலே மைக்கா ஒட்டிய பக்கங்களிலிருந்து ஆவி அதிகம் வராது. வருவது மூடப்படாத வெட்டுமுனைகளிலிருந்தும், தாங்கிகளுக்காகத் துளைத்த ஓட்டைகளிலிருந்தும், உள்பக்கத்து மெல்லிய தாள் ஒட்டிலிருந்தும்தான். ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு: சூட்டை உள்ளே தங்கவிடாமல் செய்வது, வெட்டுமுனைகளை அடைப்பது. முதல் வேலையாகக் கதவையும் பின்பலகையையும் கழற்றத் தொடங்கியபோது, பக்கத்து வீட்டில் வேலையாயிருந்த ஆசாரி எட்டிப் பார்த்து, “தம்பி, பின்பலகையைக் கழட்டினா மேசை ஆடும், அதுதான் அதுக்கு முதுகெலும்பு” என்றார். அவர் சொன்னபடியே பலகை போனதும் மேசை பக்கவாட்டில் அசைந்தது. முக்கால் அங்குல இரும்புப் பட்டை இரண்டைப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போல அவரே முடுக்கிக் கொடுத்தார். முன்பைவிட உறுதியாக நிற்கிறது. பட்டைக்கும் திருகாணிக்கும் 140 ரூபாய், அவர் கூலி 400.

வெட்டுமுனைகளுக்கு என்ன பூசுவது என்பதில் சற்று யோசித்தேன். சாதாரண எண்ணெய் வார்னிஷும் எனாமலும் தாங்களே நெடுநாள் நெடி வீசுபவை. நம் ஆசாரிகள் மரச்சாமான்களுக்குப் போடும் அரக்குப் பாலிஷ் ஆவியைத் தடுப்பதில் சிறந்தது, கரைப்பானாக இருக்கும் ஸ்பிரிட் விரைவில் பறந்துவிடும். 250 கிராம் அரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, மேசையை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், வெட்டுமுனைகளுக்கும் ஓட்டைகளுக்கும் இரண்டு மணி நேர இடைவெளியில் மூன்று பூச்சு கொடுத்தேன். பார்ட்டிகிள் போர்டின் முனை முதல் பூச்சை முழுக்கக் குடித்துவிடும். மூன்றாவதில்தான் பளபளப்பு நிற்கும். அந்தப் பளபளப்பு வந்தால் அடைபட்டது என்று பொருள். உள்பக்கப் பரப்புகளுக்கு 48 மில்லிமீட்டர் அலுமினியத் தாள் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று அரை அங்குலம் ஏறும்படி ஒட்டினேன். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இருக்கக் கூடாது.

மேசையைத் திரும்ப வைத்து, சி.பி.யூ. பெட்டியை 2 செ.மீ. உயர ரப்பர் கட்டைகளின் மேல் நிறுத்தி, சுவருக்கும் பின்புறத்துக்கும் 15 செ.மீ. இடைவெளி விட்டேன். தொடாமல் அளக்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானியை அலுமினியத் தாள் மேல் காட்டியபோது அது நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த எண்ணைத் தந்தது. பளபளப்பான உலோகப் பரப்பில் அந்தக் கருவி பொய் சொல்லும். உணர்கம்பியை ஒட்டி அளந்தேன்: அறை 30 டிகிரி, உள்ளே காற்று 34, முன்பு 51 இருந்த இடம் 35. மூடிய அறையில் மூன்று மணி நேரம் வேலை செய்தும் கண் எரியவில்லை.

மூன்றாவதான மானிட்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதுப் பிளாஸ்டிக்கின் இனிப்புக் கலந்த வாடை அதற்கு இருந்தது. புதுத் திரையிலிருந்து வரும் ஆவி பற்றிய அச்சம் புதிதன்று: 2000ஆம் ஆண்டிலேயே ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணினித் திரைகளின் பிளாஸ்டிக் உறையில் தீத்தடுப்புக்காகச் சேர்த்திருந்த டிரைஃபீனைல் பாஸ்ஃபேட், திரை சூடாகும்போது அறைக் காற்றில் கலப்பதை அளந்து வெளியிட்டார்கள்; புதிய திரைகளில் அது மிகுதியாகவும், ஓட ஓடக் குறைந்தும் வந்தது. அவை கண்ணாடிக் குழாய்த் திரைகள், இன்றைய தட்டைத் திரைகளைவிட அதிகம் சூடாபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் புரோமின் கொண்ட தீத்தடுப்பான்களில் இரு வகைகளை எடையில் 0.1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளும் அதே வரம்பை ஏற்றன. ஆனால் அந்த வரம்பு எல்லாத் தீத்தடுப்பான்களுக்கும் உரியதல்ல, பிளாஸ்டிக்கிலிருந்து வரும் மற்ற ஆவிகளைப் பற்றி அது பேசுவதே இல்லை. எனவே மானிட்டரை முழு வெளிச்சத்தில் வைத்து, சன்னல்கள் திறந்த கூடத்தில், யாரும் அருகில் உட்காராத நேரங்களில் ஓடவிட்டோம். சில வாரங்களில் வாடை போனது. படிக்கும் அறைக்கு அதன் பிறகே கொண்டுவந்தோம். புதுக் கணினியோ மானிட்டரோ பிரின்டரோ வாங்குபவர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில், இதைக் கட்டாயமாகவே செய்ய வேண்டும் என்பேன். ஒரு பைசா செலவில்லாத வேலை இது.

செலவைக் கூட்டினால், மின்தேக்கிகள் 29 ரூபாய், அரை லிட்டர் ஆல்கஹால் 280, சால்டர் உறிஞ்சும் செம்புப் பின்னல் 60, அரக்கு 350, ஸ்பிரிட் 200, அலுமினிய டேப் 180, பீங்கான் ஹோல்டரும் பல்பும் 70, இரும்புப் பட்டையும் கூலியும் 540. ஆக 1,709 ரூபாய். மின்தேக்கி அளக்கும் சிறு கருவிக்கு 850 ரூபாய் கொடுத்தேன், அது வீட்டில் இனி வேறு வேலைக்கும் உதவும். ஆவி மீட்டருக்குக் கொடுத்த 1,900 ரூபாயை மறுபடி செலவழிக்க மாட்டேன். மூக்கும் வெப்ப உணர்கம்பியும் குறிப்புத் தாளும் அதைவிட அதிகம் சொல்லின. பழைய கணினி வாங்கினால், வீட்டுக்குள் வைக்கும் முன்பே ஊதாக் கம்பியின் மின்னழுத்தத்தை அளந்துவிடுவேன். அதற்கு மூடியைக் கூடத் திறக்க வேண்டியதில்லை. சுவர் சுவிட்சை இரவில் அணைப்பதும் வழக்கமாகிவிட்டது. கழற்றிய மின்தேக்கிகளையும் உடைந்த கம்பிகளையும் குப்பைத் தொட்டியில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து, அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்தேன். செம்புக்காகக் கம்பிகளை எரிப்பவர்கள் கையில் அவை போய்ச் சேர்ந்தால், பி.வி.சி.யும் புரோமின் பிசினும் எரிந்து டையாக்சின் கிளம்பும். எங்கள் அறையிலிருந்து நீக்கிய நஞ்சை இன்னொருவர் தெருவுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

ஒரு வேலை மீதமிருக்கிறது. மழைக்காலத்தில் காற்றின் ஈரம் ஏறும்போது பூசாமல் விட்ட மேசையின் அடிப்பலகை மறுபடி வாடை விடக்கூடும். அரக்குப் பூச்சும் தண்ணீர் பட்டால் வெளுக்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன் சி.பி.யூ. பெட்டியை மேசையிலிருந்து முழுவதுமாக வெளியே எடுத்து, தனி இரும்பு ஆங்கிள் தாங்கியில் நிறுத்த இருக்கிறேன். 25 மில்லிமீட்டர் ஆங்கிளில், நான்கு கால்களோடு, தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் செய்து தர வெல்டிங் கடையில் 650 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். பெயின்ட் அடிக்காமல் தரும்படி சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயின்டை மொட்டை மாடியில் நானே அடித்து, நன்றாகக் காய்ந்து வாடை போன பிறகுதான் உள்ளே கொண்டுவருவேன்.